ஏஜென்சி ரிப்போர்ட்டில் சி.பி.எம்., சி.டி.ஆர்., ஆர்.ஓ.ஏ.எஸ்.: இதெல்லாம் என்னன்னு யாராவது சொல்லுங்க

சென்னிமலைத்தறி

வணக்கங்க. சென்னிமலையில பெட்ஷீட் வியாபாரம். கடைகளுக்கு மொத்தமா போடறது அப்பா காலத்துல இருந்து நடக்குது. இப்ப வெப்சைட் போட்டு நேரடியாவும் விக்கறோம். விளம்பரத்தை ஒரு ஏஜென்சிகிட்ட விட்டிருக்கோம். அவங்க சார்ஜ் மாசம் 15,000. விளம்பரத்துக்கு ஆகற காசு தனி.

முதல் மாச ரிப்போர்ட் வந்திருக்கு. கலர் கலரா படம். சாரம் இதுதான்:

செலவு: 60,000
இம்ப்ரெஷன்: 5,00,000
ரீச்: 1,25,000
ஃப்ரீக்வென்சி: 4
சி.பி.எம்.: 120
கிளிக்: 6,000
சி.டி.ஆர்.: 1.2%
சி.பி.சி.: 10
கன்வர்ஷன்: 150
சி.வி.ஆர்.: 2.5%
சி.பி.ஏ.: 400
ஏ.ஓ.வி.: 1,200
ஆர்.ஓ.ஏ.எஸ்.: 3.0

போன் பண்ணிக் கேட்டா, "ஆர்.ஓ.ஏ.எஸ். மூணு சார், ஃபர்ஸ்ட் மந்துக்கு சூப்பர்"ங்கறாங்க. அப்பா கேக்கறது ஒண்ணே ஒண்ணு: "லாபமா, நட்டமா?" அதுக்கு இந்த ரிப்போர்ட்ல பதில் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலைங்க.

---

கணக்குப்புள்ள

தம்பி, இந்த 13 வரியில் நிஜமாக எண்ணி எடுத்தது ஐந்துதான்: செலவு, இம்ப்ரெஷன், ரீச், கிளிக், கன்வர்ஷன். மிச்ச எட்டும் ஒன்றை இன்னொன்றால் வகுத்து வந்தவை. விற்பனைத் தொகை என்று ஆறாவதாக ஒரு எண் இருந்திருக்க வேண்டும். அதை மட்டும் போடாமல் விட்டிருக்கிறார்கள். நாமே போட்டுக்கொள்ளலாம்: 150 ஆர்டர், சராசரி 1,200, ஆக 1,80,000.

இப்போது மேலிருந்து வருவோம். விளம்பரம் திரையில் எத்தனை தடவை காட்டப்பட்டதோ அது இம்ப்ரெஷன். எத்தனை பேருக்குக் காட்டப்பட்டதோ அது ரீச். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஆளுக்கு 4 தடவை, அது ஃப்ரீக்வென்சி.

சி.பி.எம்.: 1,000 தடவை காட்ட ஆன செலவு. கடைசி எழுத்தை மில்லியன் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அது லத்தீன் மில்லே, ஆயிரம். 60,000 ரூபாய்க்கு 500 ஆயிரம் தடவை, ஆக 120.

சி.டி.ஆர்.: காட்டியதில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது. சி.பி.சி.: ஒரு கிளிக்குக்கு ஆன காசு. சி.வி.ஆர்.: கிளிக் செய்தவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள். ஏ.ஓ.வி.: ஒரு ஆர்டரின் சராசரித் தொகை.

சி.பி.ஏ.வில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடைசி எழுத்துக்கு அக்விசிஷன் என்றும் சொல்வார்கள், ஆக்‌ஷன் என்றும் சொல்வார்கள். அக்விசிஷன் என்றால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு. ஆக்‌ஷன் என்றால் எதுவாகவும் இருக்கலாம்: கூடையில் போட்டது, வாட்ஸ்அப் பட்டனை அமுக்கியது, போன் நம்பர் கொடுத்தது. "கன்வர்ஷன் 150 என்பது பணம் கட்டின ஆர்டரா?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.ஓ.ஏ.எஸ். என்பது விளம்பரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை. 1,80,000 வகுத்தல் 60,000, மூன்று. விற்பனைதான், லாபம் இல்லை. அப்பா கேட்டதற்குப் பதில் சொல்ல உங்கள் அடக்க விலை வேண்டும். சொல்ல முடியுமா?

---

சும்மா_பார்க்க_வந்தவன்

ஆர்.ஓ.ஏ.எஸ்.ஸை எங்க ஆபீஸ்ல "ரோவாஸ்"னு சொல்வாங்க. புதுசா சேர்ந்தப்ப ஏதோ கிரேக்க நாட்டு கிளையன்ட்டுன்னு நெனச்சிட்டு ஒரு வாரம் தலையாட்டிட்டு இருந்தேன்.

---

சென்னிமலைத்தறி

சொல்றேங்க. நூல், சாயக்கூலி, நெசவுக்கூலி, ஓரம் அடிக்கறது எல்லாம் சேர்ந்து ஒரு செட்டுக்கு 700. பெட்டி, கூரியர் 110. வித்த விலை 1,200ங்கறது ஜி.எஸ்.டி. நீக்கினதுதான்.

---

கணக்குப்புள்ள

1,200ல் 810 போக 390 நிற்கிறது. இந்த 390க்குள்தான் விளம்பரச் செலவும் அடங்கி, லாபமும் மிஞ்ச வேண்டும். உங்கள் சி.பி.ஏ. 400.

இதையே ஆர்.ஓ.ஏ.எஸ். பாஷையில் சொன்னால்: 390 என்பது 1,200ல் 32.5 சதவீதம். 1ஐ 0.325ஆல் வகுத்தால் 3.08. உங்கள் சரக்குக்குப் போட்ட காசு வருவதற்கே 3.08 வேண்டும். இதற்கு பிரேக் ஈவன் ஆர்.ஓ.ஏ.எஸ். என்று பெயர். வந்திருப்பது 3.0. ஏஜென்சி சார்ஜ் 15,000 இன்னும் கணக்கில் வரவே இல்லை.

மார்ஜின் 70 சதவீதம் இருக்கும் அழகு சாதனக்காரருக்கு இதே மூன்று அமோகமாக இருக்கும். அவருக்கு 1.43 தாண்டினாலே போதும். ஏஜென்சி பேசுவது அந்த மாதிரி கிளையன்ட் நினைப்பில் என்று நினைக்கிறேன்.

ஆர்.ஓ.ஐ. என்று யாராவது சொன்னால் அது வேறு கணக்கு. அங்கே எல்லாச் செலவும் கழித்த லாபத்தை முதலீட்டால் வகுக்க வேண்டும். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுபவர்களை நம்பாதீர்கள்.

---

டிஜிட்டல்காரன்

நான் ஏஜென்சி பக்கம். எல்லாரும் சேர்ந்து அவங்களைக் கும்மறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, கிளையன்ட் மார்ஜின் என்னன்னு ஏஜென்சிக்குத் தெரியாது. பாதிப் பேர் கேட்டாலும் சொல்ல மாட்டாங்க. ப்ரோ, நீங்க சொன்னீங்களா?

ரெண்டு, முதல் மாசத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தற மெட்டாவுல லேர்னிங் ஃபேஸ்னு ஒண்ணு இருக்கு. ஒரு ஆட் செட்டுக்கு (ஒரே ஆளுங்களைக் குறி வச்சு ஓட்டற விளம்பரத் தொகுப்பு) வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன் கிடைச்சாதான் யாருக்குக் காட்டணும்னு சிஸ்டம் ஓரளவு கத்துக்கும். உங்களுக்கு மாசத்துக்கே 150. அதை நாலஞ்சு ஆட் செட்டாப் பிரிச்சிருந்தா எதுவுமே அந்தக் கோட்டைத் தொட்டிருக்காது. ஒண்ணோ ரெண்டோ ஆட் செட்டாச் சேர்க்கச் சொல்லுங்க. செலவைக் கூட்டாமலே சி.பி.ஏ. இறங்க வாய்ப்பிருக்கு.

அப்புறம் எல்.டி.வி.யையும் பாக்கணும். ஒரு கஸ்டமர் வாழ்நாள் முழுக்க உங்ககிட்ட எவ்வளவு வாங்குவார்ங்கறது. சி.ஏ.சி., அதாவது ஒரு கஸ்டமரைப் பிடிக்க ஆகற செலவு, 400 ஆனாலும் அவர் மறுபடி மறுபடி வந்தா லாபம்தானே?

---

கணக்குப்புள்ள

லேர்னிங் ஃபேஸ் பற்றிச் சொன்னது சரி. எல்.டி.வி.யில் எனக்குச் சம்மதம் இல்லை. ஷாம்பு, காபித்தூள் விற்பவர் அந்தக் கணக்குப் போடலாம். இவர் விற்பது சென்னிமலைப் பெட்ஷீட். எங்கள் வீட்டில் ஒன்று துவைத்துத் துவைத்துச் சாயம் மங்கியும் கிழியாமல் கிடக்கிறது. சரக்கு உழைக்க உழைக்க எல்.டி.வி. அடிபடும்! அதோடு, ஆன்லைன் கடை ஆரம்பித்து மாதக் கணக்குதான் ஆகிறது. வாடிக்கையாளரின் வாழ்நாளை எதை வைத்து மதிப்பிடுவது? இந்த நிலையில் எல்.டி.வி. என்பது நட்டத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க ஒரு மரியாதையான பெயர்.

ஒரு கேள்வி தம்பி. 150ல் சி.ஓ.டி. (பொருள் கைக்கு வந்ததும் பணம் கொடுப்பது) எத்தனை, திரும்பி வந்தது எத்தனை?

---

சென்னிமலைத்தறி

மார்ஜின் அவங்ககிட்ட சொல்லலைங்க. அவங்களும் கேக்கலை.

நீங்க சொன்னதுக்கு அப்புறம் வெப்சைட் உள்ள போய் ஆர்டர் லிஸ்ட்டை இறக்கிப் பாத்தேன். அந்த மாசம் மொத்தமே 138 ஆர்டர்தான் இருக்கு. அதுல கூட இருவது பக்கம் ஏற்கெனவே வாட்ஸ்அப்ல வாங்கிட்டு இருக்கற பழைய ஆளுங்க. ரிப்போர்ட்ல எப்படிங்க 150 வரும்? ஏமாத்தறாங்களா?

சி.ஓ.டி. பாதிக்கு மேல. 24 பார்சல் ஆர்.டி.ஓ.ன்னு போட்டுத் திரும்பி வந்திருக்கு.

---

சும்மா_பார்க்க_வந்தவன்

பெட்ஷீட்டுக்கு எதுக்குங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ், எட்டுப் போடவா?

---

டிஜிட்டல்காரன்

@சும்மா_பார்க்க_வந்தவன் ரிட்டர்ன் டு ஆரிஜின். வாங்க ஆளில்லாம பார்சல் கெளம்பின எடத்துக்கே திரும்பறது. ஆன்லைன்ல விக்கறவனைக் கேளு, நிஜ ஆர்.டி.ஓ. ஆபீஸே தேவலைன்னு சொல்லுவான்.

@சென்னிமலைத்தறி ப்ரோ, ஏமாத்தறாங்கன்னு உடனே சொல்லிட முடியாது. மெட்டா, கூகுள் ரெண்டுலயும் ஓட்டறாங்களா? இருந்தா இது அட்ரிபியூஷன் சமாச்சாரம். எந்த விற்பனை எந்த விளம்பரத்தால வந்துச்சுன்னு பேர் எழுதறது. மெட்டாவுல வழக்கமான செட்டிங், கிளிக் பண்ணி 7 நாளுக்குள்ள வாங்கினாலோ, வெறுமனே பாத்துட்டு 1 நாளுக்குள்ள வாங்கினாலோ அதை மெட்டா தன் கணக்குல எழுதிக்கும். கூகுள் ஆட்ஸ்ல கிளிக்குக்கு வழக்கமா 30 நாள். ஒருத்தர் திங்கக்கிழமை இன்ஸ்டாகிராம்ல உங்க விளம்பரத்தைத் தட்டிப் பாக்கறார், புதன்கிழமை கூகுள்ல உங்க கடைப் பேரைத் தேடி மேல வர்ற விளம்பரம் வழியா வந்து வாங்கறார். ஒரே பெட்ஷீட். ரெண்டு கம்பெனியும் "எங்களால வந்துது"ன்னு எழுதிக்கும். ஏஜென்சி ரெண்டையும் கூட்டிட்டா ரெண்டு பெட்ஷீட்.

பழைய வாட்ஸ்அப் கஸ்டமர் ஸ்க்ரோல் பண்றப்ப உங்க விளம்பரத்தைப் பாத்துட்டு அன்னைக்கே வாங்கினாலும் அது "வியூ த்ரூ"ன்னு மெட்டா கணக்குல ஏறிடும். அவர் எப்படியும் வாங்கியிருப்பார்.

2021 ஏப்ரல்ல ஆப்பிள் ஐபோன்ல அனுமதி கேக்காம டிராக் பண்ணக் கூடாதுன்னு கொண்டுவந்தாங்க. அதுக்கப்புறம் மெட்டா காட்டற கன்வர்ஷன்ல கொஞ்சம் மதிப்பீடும் கலந்திருக்கும். அதனால மெட்டா, கூகுள் தங்க பக்கத்துல (டேஷ்போர்டு) காட்டற எண்ணும் கடை எண்ணும் அச்சா ஒத்துப் போகவே போகாது. ஆனா கூட்டிப் போட்டதைக் கிளையன்ட்கிட்ட சொல்லாம விட்டது தப்புதான். அதுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

---

கணக்குப்புள்ள

அப்படியானால் கடைக் கணக்கை வைத்தே பேசுவோம். 138ல் 24 திரும்பியது போக 114 கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 390 வீதம் 44,460. திரும்பி வந்ததற்கு இரண்டு வழி கூரியரும் பெட்டியும் சேர்ந்து ஒன்றுக்கு 160 என்று வைத்தால் 3,840 கழியும். மிச்சம் 40,620. வெளியே போனது 60,000ம் 15,000ம். ஆக நட்டம் 34,380.

பழைய வாடிக்கையாளர் வாங்கியதையும் விளம்பரத்துக்கு வரவாக வைத்தே இந்தக் கணக்கு. அப்பாவிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

மாதாமாதம் ஒரே ஒரு விகிதத்தைப் பார்க்க விரும்பினால் எம்.இ.ஆர். பாருங்கள்: கைக்குச் சேர்ந்த மொத்த விற்பனையை மொத்த மார்க்கெட்டிங் செலவால் வகுப்பது. 1,36,800 வகுத்தல் 75,000, 1.82. எந்த விளம்பரத்தின் பெயரில் எழுதுவது என்ற சண்டையே அதில் வராது.

---

விளம்பரப்பிரிவு_ஓய்வு

நாளிதழ் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். படிக்கப் படிக்கச் சிரிப்பு வருகிறது, எழுத்துகள் மாறினவே தவிர சங்கதி மாறவில்லை.

எங்கள் காலத்தில் பத்தி சென்டிமீட்டர், அதாவது ஒரு பத்தி அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரம் என்ற கணக்கில் இடம் விற்போம். விளம்பரதாரர் முதலில் கேட்பது ஏ.பி.சி. சான்றிதழ். 1948ல் தொடங்கிய ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ், எத்தனை பிரதி விற்றது என்று தணிக்கை செய்து தருவது. ஏ.பி.சி. எண் குறைவாக இருந்தால் நாங்கள் ஐ.ஆர்.எஸ். எண்ணை எடுத்து நீட்டுவோம். அது வாசகர் கணக்கெடுப்பு. ஒரு பிரதியை டீக்கடையில் பத்துப் பேர் படித்தால் அங்கே பத்து. இரண்டும் உண்மையான எண்கள்தான். எதை நீட்டுவது என்பதில்தான் விற்பனையாளன் சாமர்த்தியம்.

டி.வி.யில் ஜி.ஆர்.பி. என்பார்கள். இலக்கு மக்களில் 40 சதவீதம் பேரைச் சராசரியாக 3 தடவை எட்டினால் 40 பெருக்கல் 3, ஜி.ஆர்.பி. 120. "சதவீதம் எப்படி ஐயா நூறைத் தாண்டும்?" என்று கேட்காத புது விளம்பரதாரரை நான் பார்த்ததில்லை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப எண்ணப்படுவதால் தாண்டும். ஊரே பேசும் டி.ஆர்.பி.யும் எல்லா வீட்டையும் எண்ணி வருவதில்லை. மீட்டர் வைத்த மாதிரி வீடுகளிலிருந்து எடுத்து விரிப்பது. 2015லிருந்து அதை பார்க் இந்தியா என்ற அமைப்பு வெளியிடுகிறது.

ஏ.டி.எல்., பி.டி.எல். என்றும் காதில் விழும். கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே என்று அர்த்தம். பேப்பர், டி.வி., ரேடியோ மேலே. துண்டு நோட்டீஸ், கடை வாசல் ஸ்டால், இலவச சாம்பிள் கீழே. மேலே உள்ளதற்கு ஊடகமே ஏஜென்சிக்கு 15 சதவீதம் கமிஷன் தருவது நெடுநாள் வழக்கம். கீழே உள்ளதற்குக் கமிஷன் கிடையாது. எந்த ஏஜென்சி எதைப் பரிந்துரைக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வீடியோ வியூ கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016ல் ஃபேஸ்புக், வீடியோக்களைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைக் கூட்டிக் காட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டது. பார்த்த நேரம் மொத்தத்தையும் எல்லாப் பார்வைகளாலும் வகுக்காமல், 3 விநாடிக்கு மேல் பார்த்தவற்றால் மட்டும் வகுத்துவிட்டார்கள். சட்டென்று தள்ளிவிட்டுப் போனவன் கணக்கிலேயே இல்லை. விளம்பர நிறுவனங்களிடம் சொன்னது 60லிருந்து 80 சதவீதம் வரை கூடியிருக்கலாம் என்று. உலகத்துப் பெரிய கம்பெனிகளெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான் பட்ஜெட் போட்டுக்கொண்டிருந்தன. தம்பியின் ரிப்போர்ட்டில் "வியூ" என்று வந்தால், எத்தனை விநாடிக்கு ஒரு வியூ என்று கேளுங்கள். இம்ப்ரெஷனும் அப்படித்தான். பேனர் விளம்பரம் "பார்க்கத்தக்கது" என்று எண்ணப்பட, அதில் பாதி திரையில் ஒரு விநாடி தெரிந்தால் போதும் என்பது தொழில்துறை அளவுகோல்.

---

எம்பிஏ_ரெண்டாம்வருஷம்

இழையைக் கடத்துறதுக்கு மன்னிக்கணும். அடுத்த வாரம் கேம்பஸ் இன்டர்வியூ. 4 பி, எஸ்.டி.பி., ஐடா, யு.எஸ்.பி., என்.பி.எஸ். எல்லாம் குழம்புது. யாராவது சுருக்கமா?

---

விளம்பரப்பிரிவு_ஓய்வு

ஐடா எல்லாவற்றிலும் பழையது. கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்ற வரிசை. 19ம் நூற்றாண்டின் கடைசியில் எல்மோ லூயிஸ் என்ற அமெரிக்கர் சொன்னதாகச் சொல்வார்கள். யு.எஸ்.பி. ரோஸர் ரீவ்ஸுடையது, 1961ல் புத்தகமாகவும் எழுதினார். போட்டியாளர் சொல்லாத அல்லது சொல்ல முடியாத ஒரே ஒரு பலனைச் சொல், அதையே சொல் என்பது. 4 பி 1960ல் ஜெரோம் மெக்கார்த்தி கொடுத்தது: பொருள், விலை, இடம், விளம்பரம். எஸ்.டி.பி. என்றால் சந்தையைப் பிரி, அதில் ஒன்றைத் தேர்ந்தெடு, அவர்கள் மனதில் உன் இடம் எது என்று முடிவு செய். என்.பி.எஸ். 2003ல் ஃபிரெட் ரைக்கெல்ட். "நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா?" என்ற கேள்விக்கு 9, 10 போட்டவர் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை போட்டவர் சதவீதத்தைக் கழிப்பது. 7ம் 8ம் போட்டவர்கள் இந்த இரண்டு பக்கத்திலும் சேர்த்தியில்லை, மொத்தத்தில் மட்டும் எண்ணப்படுவார்கள்.

இதை மனப்பாடமாக ஒப்பித்தால் தூங்கிவிடுவார்கள். மேலே உள்ள பெட்ஷீட் கணக்கை எடுத்துப் போய்ப் பேசு, வேலை கிடைக்கும்.

---

கரூர்_எக்ஸ்போர்ட்

கரூர்ல இருந்து வீட்டு ஜவுளி ஏற்றுமதி. எங்க பக்கம் ஆர்.ஓ.ஏ.எஸ். எல்லாம் கிடையாது. பி2பி, அதாவது கம்பெனிக்குக் கம்பெனி விக்கறது. சி.பி.எல்.தான், ஒரு லீடுக்கு (வாங்கலாம்னு விசாரிக்கற ஆள்) எவ்வளவுன்னு. எம்.க்யூ.எல்., எஸ்.க்யூ.எல்.னு ரெண்டு தரம் பிரிப்பாங்க. முதல்ல உள்ளது மார்க்கெட்டிங் டீம் "ஆள் தேறும்"னு நினைக்கறது. ரெண்டாவது சேல்ஸ் டீம் பேசிப் பாத்து "ஆமா, வாங்கற ஆளுதான்"னு ஒத்துக்கறது. ஏஜென்சி பில்லு போடறது முதல் எண்ணுக்கு. கேட்லாக் கேட்டு ஃபாரம் போட்டவங்க லிஸ்ட்டைப் பாத்தா பாதி காலேஜ் ப்ராஜெக்ட் பசங்க, மிச்சத்துல பக்கத்துத் தெரு போட்டிக் கம்பெனி. எஸ்.க்யூ.எல்.லுக்குத்தான் காசுன்னு ஒப்பந்தத்துல மாத்தினேன், லிஸ்ட் சின்னதாயிடுச்சு, ஆர்டர் குறையல.

சென்னிமலைத் தம்பி, அமேசான்ல போட்டா அங்க ஏ.காஸ்னு காட்டுவான். அது ஆர்.ஓ.ஏ.எஸ்.ஸைத் தலைகீழாப் புரட்டினது, விளம்பரச் செலவு விற்பனையில எத்தனை சதவீதம்னு. 25 சதவீதம்னா ஆர்.ஓ.ஏ.எஸ். 4. இங்க எண்ணு ஏறினா சந்தோஷம், அங்க இறங்கினா சந்தோஷம். உங்க 32.5 சதவீதத்தை அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்கலாம், அதுக்குக் கீழ இருக்கணும். எங்களை மாதிரி ஆளுக்கு அதுதான் சுலபம். அமேசான் கமிஷன் தனியாப் போகும், அதைக் கழிச்சிட்டு மார்ஜினைப் போட்டுக்கங்க.

---

சென்னிமலைத்தறி

எல்லாருக்கும் நன்றிங்க. ஏஜென்சிகிட்ட உக்காந்து பேசிட்டேன். 150 எப்படி வந்துதுன்னு கேட்டதும் ரெண்டு டேஷ்போர்டையும் கூட்டினோம்னு ஒத்துக்கிட்டாங்க. இனிமே கடை ஆர்டர் லிஸ்ட்டை வச்சு, திரும்பினதைக் கழிச்சு ஒரே பக்கத்துல கொடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஆட் செட் ஆறு இருந்துது, ரெண்டாக்கச் சொல்லிட்டேன்.

இன்னொண்ணு, ரெண்டு பெட்ஷீட் சேத்து 2,200க்கு காம்போ போடலாமான்னு ஒரு யோசனை. அடக்கம் 1,400, கூரியர் 150க்குள்ள முடியும்.

---

டிஜிட்டல்காரன்

போடுங்க ப்ரோ. 2,200ல 1,550 போக 650 நிக்குது. சி.பி.ஏ. அதே 400ன்னு வச்சாலும் கையில 250. பிரேக் ஈவன் ஆர்.ஓ.ஏ.எஸ்.ஸும் 3.08ல இருந்து 3.4க்கு ஏறும், அதைப் பாத்துப் பயந்துடாதீங்க. ஏ.ஓ.வி. ஏறினதால வர்ற ஆர்.ஓ.ஏ.எஸ். அதைவிட வேகமா ஏறணும். 2,200ஐ 400ஆல வகுத்தா 5.5. காம்போ விலையைப் பாத்துட்டு ஓடறவங்களால சி.பி.ஏ. கூடும், 650ஐத் தாண்டாதவரைக்கும் பரவால்ல. முன்பணம் கட்டினா 50 ரூபா தள்ளுபடின்னும் போட்டுப் பாருங்க, ஆர்.டி.ஓ. குறையும்.

---

கணக்குப்புள்ள

கேட்காமல் விட்ட ஒன்று. ஆட் அக்கவுண்ட்டும் பிக்ஸலும் யார் பெயரில் இருக்கிறது?

---

சென்னிமலைத்தறி

பிக்ஸல்னா வெப்சைட்ல ஒட்டியிருக்கற அந்தச் சின்ன புரோகிராம் துணுக்கு தானுங்களே? ரெண்டுமே அவங்க அக்கவுண்ட்லதான் இருக்கு. அவங்கதான் செட் பண்ணிக் கொடுத்தாங்க.

---

கணக்குப்புள்ள

அதேதான். யார் வந்தார், எதைப் பார்த்தார், வாங்கினாரா என்று விளம்பரக் கம்பெனிக்குச் சொல்வது அந்தத் துணுக்கு. நீங்கள் 60,000 கொடுத்து சிஸ்டத்துக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்த அக்கவுண்ட்டில் கிடக்கிறது. நாளைக்கு ஏஜென்சியை மாற்றினால் வெறுங்கையோடு வர வேண்டியிருக்கும், லேர்னிங் ஃபேஸ் மறுபடி முதலிலிருந்து. உங்கள் பெயரில் பிசினஸ் அக்கவுண்ட் திறந்து, புது ஆட் அக்கவுண்ட்டும் பிக்ஸலும் அதில் போட்டு, அவர்களுக்கு வேலை செய்ய மட்டும் அனுமதி கொடுங்கள். காம்போ விளம்பரத்தை அதிலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அடுத்த 15,000 கட்டுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள், கட்டிய பிறகு போனை எடுக்க நாளாகும்.